கண்ணும் கடிகாரமும்

மனிதக் கண்ணின் அமைப்பைக் காட்டிப் படைத்தவர் ஒருவர் உண்டென நிலைநாட்டும் பிரசங்கத்தை ஒருமுறையேனும் நிகழ்த்தியிராத போதகர் நம்மில் அரியர். நாமும் பலமுறை நிகழ்த்தியிருக்கிறோம். ஒளியை உள்ளே விடும் தெளிந்த படலம், வெளிச்சத்திற்கேற்பச் சுருங்கி விரியும் பாவை, தொலைவுக்கும் அண்மைக்கும் தன்னைத் திருத்திக்கொள்ளும் லென்சு, உருவத்தை ஏற்கும் விழித்திரை, யாவற்றையும் காக்கும் இமை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இத்தகைய கருவி தானாக உண்டாயிற்றென்று எவர் சொல்லக்கூடும் என வினவி முடித்தால் சபையார் தலையசைப்பர். பிரசங்கியாரும் மனநிறைவோடு வீடு திரும்புவார்.

சில ஆண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு சிறு சபையில் அறுப்பின் பண்டிகைச் செய்தி அளிக்குமாறு நம்மை அழைத்திருந்தனர். திருவள்ளூர் மாவட்டத்தின் அப்பகுதியில் வயல்கள் குறைந்து, இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்லுகளும் பெருகிவிட்டன. ஆயினும் அறுப்பின் பண்டிகை நின்றுவிடவில்லை. பூசணிக்காயும் சேவலும் வாழைத்தாரும் வழக்கம்போல் ஏலத்துக்கு வந்தன. கண்ணைப் பற்றிய அதே பிரசங்கத்தை அன்றும் நிகழ்த்தினோம். ஆராதனை முடிந்தபின் ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். அவர் ஒரு வார்ப்படச் சாலையில் பணிபுரிந்தவர். வார்ப்பின் பிசிறுகளைச் சாணைச் சக்கரத்தில் தேய்க்கையில் தெறித்த இரும்புத் துணுக்கு அவருடைய இடக்கண்ணைப் போக்கிவிட்டிருந்தது. "ஐயா, இமையைப் பற்றி ரொம்ப அழகாய்ச் சொன்னீர்கள். அந்த இமை இரும்புக்குப் போதவில்லையே, அதற்கு என்ன சொல்லுவீர்கள்?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். "தம்பி, அடுத்தமுறை வரும்போது பேசுவோம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம்.

இக்கட்டுரை அவ்வினாவினால் எழுந்தது. நம்மிடம் அன்று விடை இல்லாமற் போனதற்குக் காரணம், நாம் கையாண்ட வாதம் எங்கே பிறந்தது, எவ்வழியாக நம் பிரசங்கபீடத்துக்கு வந்தது என்பதை நாமே ஆராய்ந்திராமைதான். ஆகவே முதலில் அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

இவ்வாதத்தின் தந்தையர் திருமறை ஆசிரியர் அல்லர். பிளேட்டோவிலும் ஸ்தோயிக்கரிடத்திலும் அதன் வித்துக்கள் உள்ளன. அதை உடற்கூற்றியலோடு பிணைத்து முழுமையாக எழுதியவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன். உடலுறுப்புகளின் பயன் குறித்து அவர் எழுதிய பெருநூலின் பத்தாம் புத்தகம் முற்றிலும் கண்ணைப் பற்றியது. பார்வையை விளக்க வடிவகணிதம் தேவைப்படுகிறது. வாசகர் அதை வெறுப்பர் என்றெண்ணி அப்பகுதியை விட்டுவிட அவர் நினைத்தாராம். உறுப்புகளிலெல்லாம் மிகத் தெய்விகமான உறுப்புக்கு அநீதி செய்கிறாய் எனக் கனவிலே கடிந்துகொள்ளப்பட்டு, மீண்டும் எழுதுகோலை எடுத்ததாக அவரே கூறுகிறார். கணிதத்தைக் கண்டு அஞ்சும் இறையியல் மாணவர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

அடுத்த புத்தகத்தில் நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு பகுதி உண்டு. தலைமயிர் வளர்ந்துகொண்டே செல்ல, கண்ணிமை மயிர் மட்டும் ஒரே அளவில் நின்றுவிடுவது ஏன் என்று கேலன் ஆராய்கிறார். வளராதே என்று படைத்தவர் கட்டளையிட, மயிர் அஞ்சிக் கீழ்ப்படிந்ததா? மோசே அப்படித்தான் சொல்லுவார் என்கிறார் கேலன். தேவன் நினைத்த மாத்திரத்தில் சாம்பலிலிருந்து குதிரையையும் உண்டாக்கலாம் என்பது மோசேயின் கருத்து. தம் கருத்து அதுவன்று என்கிறார். இயற்கையால் இயலாதவை சில உண்டு; இயலுவனவற்றுள் மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதே படைத்தவரின் ஞானம்; ஆகவேதான் இமை மயிர் குருத்தெலும்பு போன்ற கடினமான விளிம்பில் நடப்பட்டிருக்கிறது என்பது அவருடைய விளக்கம். ஆதியாகமத்தின் தேவனும் கண்ணைக் கட்டிய கைவினைஞரும் ஒருவரல்லர் என்பதை இவ்வாதத்தின் முதல் பேராசிரியரே கண்டு, வெளிப்படையாக எழுதி வைத்தார். பின்வந்த கிறித்தவர் இப்பகுதியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

கேலன் போற்றிய கண் எது? அவர் கருத்துப்படி பார்க்கும் உறுப்பு லென்சு. விழித்திரை அதற்கு ஊட்டமும் உயிராற்றலும் கொண்டுவரும் துணையுறுப்பு. உள்ளதன் எல்லாப் பகுதிகளும் லென்சுக்கு ஊழியம் செய்யும் பொருட்டே அமைந்தன என்று வியந்து வியந்து எழுதினார். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகள் உலகம் அதை ஏற்றது. ஒளியியலை மறுமலர்ச்சி பெறச் செய்த அராபிய அறிஞர் அல் ஹைதமும் லென்சிலேயே பார்வையை வைத்தார். 1543இல் வெளியான தம் உடற்கூற்று நூலில் வெசாலியஸ் லென்சை விழியின் நட்டநடுவே வரைந்தார். 1604இல் கெப்ளர்தாம் லென்சு ஒளியைக் குவிக்கும் கண்ணாடி மட்டுமே, உருவம் விழுவது விழித்திரையில், அதுவும் தலைகீழாக என்று கணித்துக் காட்டினார். தலைகீழான உருவம் நேராகத் தோன்றுவது எவ்வாறு என்பதை இயற்கை ஆராய்ச்சியாளருக்கு விட்டுவிடுகிறேன் என்றும் அடக்கமாகச் சொன்னார்.

இதில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அத்தனை நூற்றாண்டுகளும் கண்ணின் அமைப்பிலே படைப்பாளியின் ஞானம் வெளிப்படையாகத் தெரிகிறதென்று சொன்னவர்கள், இல்லாத ஓர் அமைப்பைப் போற்றிக்கொண்டிருந்தனர். நம் நாட்டிலோ, கண்புரை விழுந்தவரின் விழியில் ஊசியைச் செலுத்திப் புரையை உள்ளே தள்ளிவிடும் சிகிச்சை சுசுருத சங்கிதையின் காலம் முதல் வழங்கிவந்தது. தள்ளப்பட்டது லென்சேதான் என்பது ஐரோப்பாவில் 1705இல் பிரிசோ என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவரின் ஆய்வுக்குப் பின்னரே தெளிவாயிற்று. லென்சை இழந்த பின்னும் நோயாளி, மங்கலாகவேனும், பார்த்தார். ஊர் ஊராகச் சென்று ஊசி பிடித்த பெயரறியாத வைத்தியர் ஒவ்வொருவரும் தம்மையறியாமலே கேலனை மறுத்துக்கொண்டிருந்தனர். அவ்வைத்தியத்தால் சீழ்பிடித்துக் கண்ணை அடியோடு இழந்தவர்களும் பலர் என்பதை மறைத்தல் கூடாது.

நம் பிரசங்கபீடத்துக்கு இவ்வாதத்தைக் கொண்டுவந்தவர் வில்லியம் பேலி. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆர்ச்டீக்கனான இவர், கடும் நோயின் வேதனைக்கிடையே எழுதி 1802இல் வெளியிட்ட இயற்கை இறையியல் நூல், வெளியில் கிடந்த ஒரு கடிகாரத்தின் உவமையோடு தொடங்குகிறது. கடிகாரத்தைக் கண்டவன் கடிகாரக்காரர் ஒருவர் உண்டென அறிவான். அவ்வாறே கண்ணைத் தொலைநோக்கியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவன் கண்ணை அமைத்தவரை அறிவான். வேறு சான்று யாதுமில்லாவிடினும் கண் ஒன்றே போதும் என்பது அவர் முடிவு. இமையைப் பற்றி அவர் மிக நயமாக எழுதியிருக்கிறார்; நம் கும்மிடிப்பூண்டிப் பிரசங்கத்தின் மூலம் அதுவே.

பேலி சொல்லும் சான்றுகளுள் ஒன்றின் கதை வினோதமானது. சாதாரண லென்சு ஒளியை நிறங்களாகச் சிதறடித்து உருவத்தின் விளிம்பில் வண்ணக்கோடு உண்டாக்கும். கண்ணில் அக்குறை இல்லை. பலவகை நீர்மங்களை இணைத்துப் படைத்தவர் அதைத் தீர்த்திருக்கிறார் என்று 1747இல் கணித அறிஞர் யூலர் எண்ணினார். அதனால் எழுந்த ஆராய்ச்சியின் பயனாக டொலண்ட் என்பவர் 1758இல் இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறச்சிதறலற்ற லென்சைச் செய்தார். கண்ணைப் பார்த்தே மனிதன் இதைக் கற்றான் எனப் பேலி பெருமிதம் கொள்கிறார். ஆனால் கண்ணில் அக்குறை உண்டு. யூலர் தவறாக நம்பினார். தவறான நம்பிக்கை நல்ல தொலைநோக்கியைத் தந்தது.

பேலிக்கு முன்பே, டேவிட் ஹியூமின் உரையாடல் நூல் அவர் மறைவுக்குப்பின் 1779இல் வெளிவந்திருந்தது. உலகம் ஒரு கைவினைஞரின் வேலையென்றே கொண்டாலும், அவர் ஒருவரா பலரா, தேர்ந்தவரா பயிலுகிறவரா, நல்லவரா என்பதெல்லாம் வேலையிலிருந்து புலப்படாதே என்று அந்நூல் கேட்டது. பேலி இதற்குச் செம்மையாக விடை அளித்தார் என நாம் கருதவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பேலியின் நூல் வெளிவந்த தலைமுறையிலேயே தமிழ்நாட்டில் கண் கூர்ந்து ஆராயப்பட்டது. ஆனால் வாதத்துக்காக அன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்தவர். சுவார்ட்ஸ் மறைந்த 1798ஆம் ஆண்டிலேயே அரியணை ஏறினார். ஐரோப்பிய அறிவியல் நூல்களையும் நம் நாட்டு மருத்துவச் சுவடிகளையும் ஒருங்கே சேர்த்த இம்மன்னரின் அரண்மனையில், 1820களின் பிற்பகுதியில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டு, ஒவ்வொருவருடைய நோயின் வரலாறும் எழுதி வைக்கப்பட்டது. நோயுற்ற விழிகளை ஓவியர் வண்ணத்தில் தீட்டினர். சரசுவதி மகால் நூலகத்தில் அவ்வேடுகள் உள்ளன. அரசரே கத்தியைக் கையிலெடுத்தார் என்பாரும் உளர். அதை நாம் வலியுறுத்த வேண்டியதில்லை. நமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பேலியின் நூலில் உள்ள கண் யாருடைய கண்ணும் அன்று. குறையற்ற, பொதுவான கண். தஞ்சை ஓவியர் தீட்டிய ஒவ்வொரு கண்ணும் பெயருள்ள ஒருவருடைய பழுதுற்ற கண்.

அக்காலத்திலேயே, 1819இல், சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை தோன்றிப் பதினான்கே ஆண்டுகளில் உண்டான இந்நிலையம் பின்னர் எழும்பூரில் நிலைகொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குத் தலைமை வகித்த எலியட் என்பவர், கண்ணுள் அழுத்தம் மிகுந்து பார்வை அழியும் நோய்க்கு, விழியின் ஓரத்தில் நுண்துளையிட்டு நீரை வடியவிடும் முறையை 1909 முதல் உலகறியச் செய்தார். ஊசியால் புரைதள்ளும் வைத்தியத்தால் கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து நூலும் எழுதினார். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளிலிருந்து இன்றும் மக்கள் இரயிலேறிச் செல்லும் மருத்துவமனை அது.

தமிழில் கண்ணின் உடற்கூற்றை எழுதியவர்களுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர் யாழ்ப்பாணத்து மருத்துவ மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்து, 1847இல் யாழ்ப்பாணம் சேர்ந்து, மானிப்பாயில் மருத்துவமனை அமைத்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விடுகின்றனர், கிராமத்தில் தங்குவதில்லை என்பதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கு நூல்கள் இல்லை, தாமே உண்டாக்கினார். கட்டர் என்பவரின் உடற்கூற்று நூல் 1850களில் வெளிவந்தது. 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம் ஆகியவை தொடர்ந்தன. பின்னது, கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. தெய்வத்தையும் அரசனையும் பாதாதிகேசமாகப் பாடிய மொழியில், மனிதனுடைய ஒவ்வொரு நரம்புக்கும் பெயரிட்டு எழுதிய நூல் அது. தம் மாணவர் உடையிலும் உணவிலும் மொழியிலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது கிறீனுடைய உறுதியான கருத்து. ஏறத்தாழ அறுபதுபேர் அவரிடம் பயின்றனர். 1873இல் தாயகம் திரும்பி 1884இல் மறைந்தபோது, தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்று மட்டும் தம் கல்லறையிற் குறிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் பேலியின் நூல் பாடமாயிருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியில் மேலைநாட்டு வானியலைப் போதித்து அதனால் விசுவாசத்தை நிறுவ முயன்றதும் அமெரிக்க மிஷனேயாகும். அத்தகைய சூழலிலிருந்து வந்த கிறீன், உடற்கூற்றைக் கற்பித்தது நோயுற்றவனுக்கு உதவுவதற்கே. கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து வந்த தமிழர் பல ஆண்டுகளாகத் தங்கியிருக்கும் முகாம் ஒன்றுண்டு. அங்குள்ள ஒரு முதியவரிடம் ஒருமுறை மானிப்பாயைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "கிறீன் ஆஸ்பத்திரியோ, ஐயா?" என்று கேட்டுவிட்டு அவர் நெடுநேரம் மௌனமாயிருந்தார்.

பேலியின் வாதத்துக்கு வந்த பெரும் சோதனை டார்வினால் உண்டாயிற்று. 1859இல் வெளியான நூலின் ஆறாம் அதிகாரத்தில், இத்துணை நுட்பமான கண் இயற்கைத் தேர்வினால் உருவாயிற்று என்பது முதற்பார்வைக்கு மிகவும் பொருந்தாததாய்த் தோன்றுவதை அவரே ஒப்புக்கொள்கிறார். நம் சபைகளில் வழங்கும் துண்டுப்பிரசுரங்கள் அவ்வொரு வாக்கியத்தை மட்டும் எடுத்து, டார்வினே தோல்வியை ஒப்புக்கொண்டார் என அச்சிடுகின்றன. அடுத்த வாக்கியங்களில் அவர் படிப்படியான வளர்ச்சியைக் காட்டி அத்தடையை நீக்குவதை அவை சொல்லுவதில்லை. பிறர் சொல்லைப் பாதியில் வெட்டுவது பொய்ச்சாட்சி. அதைச் சத்தியத்தின் பெயரால் செய்யலாகாது. 1860இல் தாவரவியல் அறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், கண்ணை நினைக்கையில் இன்றும் உடல் நடுங்குகிறது, ஆயினும் படிகளை எண்ணும்போது அறிவு அந்நடுக்கத்தை வெல்லச் சொல்லுகிறது என்ற கருத்தை டார்வின் தெரிவித்தார். ஆசா கிரே கிறிஸ்துவில் உறுதியான விசுவாசமுள்ளவர். அமெரிக்காவில் டார்வினின் கொள்கைக்காக வாதாடியவரும் அவரே.

அப்படிகளை இன்றும் காணலாம். நத்தையினத்திலேயே ஒளி பட்டதை மட்டும் உணரும் குழிக்கண் உண்டு. துளை வழியாக உருவம் விழும் லென்சற்ற கண் உண்டு. பழவேற்காட்டு மீனவர் வலையில் வரும் கணவாய்க்கோ நம்முடையதைப் போன்ற லென்சுள்ள கண் உண்டு. கணவாயின் விழித்திரையில் ஒளியை உணரும் பகுதி ஒளி வரும் திசையை நோக்கியிருக்கிறது. நம் விழித்திரையில் அது பின்புறம் திரும்பியிருக்கிறது. நரம்புகள் அதற்கு முன்னே படர்ந்து, ஓரிடத்தில் துளைத்து வெளியேறுகின்றன. அவ்விடத்தில் நமக்குப் பார்வையே இல்லை என்பதை மாரியோட் என்ற குருவானவர் 1660களில் கண்டறிந்தார். ஒளியியலையும் கண்ணையும் தம் காலத்தில் எவரினும் நன்கு அறிந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1868இல் ஆற்றிய சொற்பொழிவில், இத்தனை குறைகளோடு ஒரு கருவியை எவரேனும் விற்றால் கண்டித்துத் திருப்பியனுப்புவேன் என்னும் பொருள்படப் பேசினார். அதே மூச்சில், நம் தேவைக்கு இக்கண் வியக்கத்தக்க விதமாய்ப் போதுமானது என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிற்காலச் செய்திகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1994இல் நில்சன், பெல்கர் என்னும் இருவர், தட்டையான ஒளியுணர் தோல் லென்சுள்ள கண்ணாக மாற நான்கு லட்சத்துக்கும் குறைந்த தலைமுறைகள் போதுமெனக் கணித்தனர். அது கணித மாதிரியே, நடந்த வரலாறு அன்று. 1995இல் எலியின் ஒரு மரபணு ஈயின் காலிலும் சிறகிலும் ஈக்கண்ணைத் தோற்றுவிக்கக் கண்டனர். 1996இல் பீஹி, கண்ணின் உருவத்தை விட்டு, பார்வைக்குரிய வேதியியல் வினைகளை எடுத்துக்கொண்டு நுண்ணறிவு வடிவமைப்பு என்னும் கொள்கையை நிலைநாட்ட முயன்றார். 2005இல் பென்சில்வேனியாவில் ஒரு நீதிமன்றம், அது அறிவியல் பாடமன்று எனத் தீர்ப்பளித்தது. 2007இல், விழித்திரையிலுள்ள சில உயிரணுக்கள் ஒளியை நரம்புகளினூடே சிதறாமல் கடத்துகின்றன எனக் கண்டறியப்பட்டது. உடனே சிலர் கேலனின் மகிழ்ச்சியை மீண்டும் அடைந்தனர். ஆராய்ச்சி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நம் விசுவாசம் உயர்ந்தும் தாழ்ந்தும் ஆடவேண்டுமோ?

இனித் திருமறையைத் திறப்போம். கண்ணை உண்டாக்கியவர் என்று தேவனைக் குறிக்கும் இடங்களில் சங்கீதம் 94 தலையாயது. நம் கண் பிரசங்கங்களுக்கு வாக்கியமாக நாம் எடுப்பதும் அதன் ஒன்பதாம் வசனமே. ஆறாம், ஏழாம் வசனங்களிலிருந்து வாசித்தோமானால் காட்சி மாறிவிடும். விதவையையும் பரதேசியையும் திக்கற்ற பிள்ளைகளையும் அழிக்கிறவர்கள், இதைத் தேவன் கவனிப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளுகின்றனர். செவியையும் விழியையும் அமைத்தவருக்கே அவை இல்லையென்று எண்ணினீர்களோ எனச் சங்கீதக்காரர் அவர்களை நோக்கிக் கேட்கிறார். அவருக்கு எதிரே நிற்பவன் நாத்திகன் அல்லன். எளியவனை ஒடுக்கிவிட்டு யாரும் பார்க்கவில்லை என நம்புகிறவன். தேவன் உண்டா என்பது அங்கே கேள்வியே அன்று. அவர் பார்க்கிறாரா என்பதே கேள்வி. நாம் அவ்வசனத்தைப் பேலியின் கடிகாரத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம்.

யாத்திராகமம் 4:11 இன்னும் கடினமானது. பார்வையுள்ளவனை மட்டுமன்று, குருடனையும் உண்டாக்கினவர் தாமே என்று கர்த்தர் மோசேயிடம் சொல்லுகிறார். கடிகாரக்காரரின் உவமையில் இதற்கு இடமில்லை. ஓடாத கடிகாரத்தை அவர் தம்முடையதென்று சொல்லிக்கொள்ளமாட்டார்.

யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைக் கண்ட சீடர் காரணம் கேட்கின்றனர். இயேசு அவர்கள் கொடுத்த இரு விடைகளையும் தள்ளிவிட்டு, மண்ணிலே உமிழ்ந்து, சேறு குழைத்து, அவன் கண்களில் பூசினார். லியோன் நகரத்து அத்தியட்சர் ஐரேனியஸ், தப்பறைகளுக்கெதிரான தம் நூலின் ஐந்தாம் புத்தகத்தில் இதை விளக்குகிறார். ஆதியிலே மண்ணினால் மனிதனை உருவாக்கிய கையே இங்கு மீண்டும் மண்ணை எடுக்கிறது. தாயின் வயிற்றில் செய்யாது விட்டதை வார்த்தையானவர் இப்போது வெளியரங்கமாகச் செய்கிறார் என்பது அவர் கருத்து. ஐரேனியஸும் கேலனும் ஒரே தலைமுறையினர். ஒருவர் நிறைவான கண்ணை ஆராய்ந்து ஞானமுள்ள கைவினைஞரைக் கண்டார். மற்றவர் நிறைவுறாத கண்ணில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் கையைக் கண்டார். திருச்சபையின் பிதா பின்னவர். ஆயினும் நம் பிரசங்கங்கள் முன்னவரிடமே பாடம் கேட்டிருக்கின்றன.

நம் பகுதியைச் சார்ந்த ஒரு சைவ மரபையும் இங்கே குறிப்பிடலாம். திருவொற்றியூரை விட்டு நீங்கேன் எனச் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்ட சுந்தரர் இரு கண்களையும் இழந்தார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. வழியில் திருவெண்பாக்கத்தில் அவர் இறைவனிடம் முறையிட, கிடைத்தது பார்வையன்று, ஊன்றுகோல். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் பின்னரே திரும்பின. அத்தலம் திருவள்ளூருக்கு அருகே உள்ளது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டதால் பழைய ஊர் நீரில் மூழ்க, கோயில் இடம் மாற்றி அமைக்கப்பட்டது. கேட்டது ஒன்று, பெற்றது வேறொன்று என்ற நிலையிலும் இறைவனோடு வழக்காடுவதை விடாத அடியாரை நம் அயலார் போற்றுகின்றனர். யோபுவையும் சங்கீதங்களையும் உடைய நாம், பார்வையிழந்தவருக்கு வழக்காட இடங்கொடாமல் வியப்பை மட்டும் போதிப்பது எவ்வாறு பொருந்தும்?

அடுத்த ஆண்டு அதே சபைக்குச் சென்றபோது அவ்விளைஞரைத் தேடிச் சென்று பேசினோம். இமை தூசிக்கும் வியர்வைக்கும் போதுமானது, சாணைச் சக்கரத்தின் வேகத்துக்கு அன்று. அச்சக்கரத்தை உண்டாக்கியவர்கள் நாம். ஆகவே அதற்குரிய இமையைச் செய்யும் கடன் நம்முடையது என்று சொன்னோம். அவர் சிரித்தார். "அது எங்களுக்கும் தெரியும், ஐயா. அதைச் சொல்ல வேதம் எதற்கு?" என்றார். அவர் சொன்னதும் சரியே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 35ஆம் பிரிவிலேயே, துணுக்குத் தெறிக்கும் வேலைகளில் கண்ணுக்குத் திரையோ பாதுகாப்புக் கண்ணாடியோ அளிக்கவேண்டுமென விதித்திருந்தது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, மற்றொன்று நலமாயிருக்க ஒரு கண்ணை இழந்தவன் சம்பாதிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு நாற்பது பங்கை இழந்தான் எனக் கணக்கிட்டது. அக்கணக்கின்படி தமக்குப் பணம் கிடைத்ததென்றும், அதைக் கொண்டு தங்கையின் திருமணம் நடந்ததென்றும் சொன்னார்.

பின்பு சங்கீதம் 94ஐ அவரோடு வாசித்தோம். பரதேசி என்ற சொல் வந்த இடத்தில் அவர் நிறுத்தினார். தாம் விபத்துக்குள்ளாவதற்குச் சில மாதங்களுக்கு முன், அதே சக்கரத்தில், ஒப்பந்தக்காரர் அழைத்துவந்திருந்த ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பையனுக்கும் கண் போயிற்றென்றார். மூன்றாம் நாள் அவனை ஊருக்கு இரயிலேற்றி அனுப்பிவிட்டார்களாம். தாம் நிரந்தரத் தொழிலாளி, அவன் அப்படியன்று. அவனுக்காக எவரும் கேட்கவில்லை, தாமும் கேட்கவில்லை என்றார். சபையின் மூப்பர் இருவரோடு நாமும் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் விசாரித்தோம். ஆட்கள் மாறிவிட்டிருந்தனர். அவ்வாண்டின் வருகைப் பதிவேட்டை ஒருவர் எடுத்துக் காட்டினார்; அவன் பெயர் அதில் இல்லை.